முள்ளுக்கும் மூடிக்கும் நடுவில்

"இன்னொரு தடவை போடும்மா," என்றார் விசாரணைக் குழுத் தலைவர்.

கலைமகள் மடிக்கணினியில் அதே இடத்துக்குப் போய் வீடியோவை ஓடவிட்டாள். கூட்ட அறையின் வெள்ளைச் சுவரில் பேராசிரியர் தரணீதரன் மறுபடியும் தோன்றினார். நீலக் கோட்டு, நெற்றியில் சந்தனம். அவருக்குப் பின்னால் பனியன் துணிக்குச் சாயமேற்றும் சாஃப்ட் ஃப்ளோ மெஷின், மாலை போட்டு நின்றது.

"முள் பூஜ்யத்துக்கு வந்துருச்சு," என்றார் சுவரில் இருந்தவர்.

அழுத்தம் காட்டும் மீட்டர் அருகில் பெரிதாகத் தெரிந்தது. முள் பூஜ்யத்தில் அசையாமல் நின்றது.

"இப்ப மூடியைத் திறக்கலாம்."

மூடி திறந்தது. உள்ளே சிவப்புத் துணி ஈரமாகச் சுருண்டு கிடந்தது.

"போதும், நிறுத்துங்க." தலைவர் மேசையின் மறுகோடியைப் பார்த்தார். அங்கே நிஜத் தரணீதரன் உட்கார்ந்திருந்தார். கோட்டு இல்லை. நாள்பட்ட தாடி. "ஆவியில வெந்த வினிதாங்கற அந்தப் பொண்ணும் இதைத்தானே செஞ்சிருக்கு? முள்ளைப் பார்த்திருக்கு, மூடியைத் திறந்திருக்கு. வேற என்ன செஞ்சிருக்கணும்?"

"மேல இருக்கற வால்வைத் திறந்து விட்டிருக்கணும். ஆவி முழுசா போற வரைக்கும் நின்னிருக்கணும். முள்ளை நம்பக் கூடாது. நான் அதைச் சொல்லியிருக்கேன் சார்."

"எங்க சொல்லியிருக்கீங்க? நாங்களும் அதைத்தான் தேடிட்டு இருக்கோம்."

யாரோ மெல்லச் சிரித்தார். தரணீதரன் சுவரைப் பார்த்தார். தன் முகத்தைத் திரையில் பார்க்கக் கூச்சப்படுகிற மனிதர் அவர். இந்த வீடியோ வெளிவந்து இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகியும், இந்த அறைக்கு வரும்வரை அவர் அதை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

எங்கே சொன்னார் என்பது அந்த அறையில் ஒருத்திக்கு மட்டும் தெரியும். பெரிதாகத் தெரிந்த அந்த மீட்டருக்கு அடியில் சொல்லியிருந்தார். அந்த இடத்தைக் கலைமகள் வெட்டியெடுத்திருந்தாள். வெட்டிய தடம் தெரியாமல் இருக்கத்தான் மீட்டரின் படத்தை மேலே போட்டு மூடியிருந்தாள்.

கேட்டால் சொல்லலாம் என்று உட்கார்ந்திருந்தாள். அவளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. வீடியோ போடும் அம்மாவிடம் கேட்க என்ன இருக்கிறது?

கலைமகளுக்குப் பூர்வீகம் கணியூர். தறி போட்ட குடும்பம். அவள் பிறப்பதற்கு முன்பே தறியை விற்றுவிட்டு அப்பா தண்டாயுதபாணி திருப்பூருக்கு வந்து பனியன் கம்பெனியில் சேர்ந்தார். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடப்பதை மட்டும் விடவில்லை. மகளையும் கம்பெனியில் தையலுக்குச் சேர்த்துவிட நினைத்தார். அவளோ பஸ் நிலையம் பக்கம் இருந்த கிட்டுசாமியின் ஸ்டூடியோவுக்குள் போய், வேலை இருக்குமா என்று கேட்டுவிட்டு வந்தாள்.

வேலை இருந்தது. கல்யாண வீடுகளில் மணப்பெண்ணுக்கு அலங்காரம் செய்யும் அறைக்குள் ஆண் கேமராக்காரனை விடமாட்டார்கள். அதற்கு ஒரு பெண் வேண்டும். தோளில் கேமராவைச் சுமந்துகொண்டு, "இக்கட்ட திரும்புங்க கண்ணு, வளையலைக் காட்டுங்க, சிரிங்க," என்று சொல்லும் பெண்ணைப் பார்த்து எல்லா மணப்பெண்களும் சிரித்தார்கள். அதே ஸ்டூடியோவில் லைட் பிடித்த வேல்குமாரைக் கலைமகள் கட்டிக்கொண்டாள். அவர்கள் கல்யாண வீடியோவைக் கிட்டுசாமியே எடுத்துக் கொடுத்தார். அதற்கான காசைச் சம்பளத்தில் பிடிக்கவில்லை என்பதை வருஷக்கணக்காகச் சொல்லிக் காட்டினார்.

பல்லடம் சாலையில் ஒரு லாரி வேல்குமாரின் வண்டி மீது மோதியது. கருமாதி முடிந்து வேலைக்கு வந்த கலைமகளைக் கிட்டுசாமி தனியே கூப்பிட்டார்.

"தப்பா எடுத்துக்காத கலை. எனக்கு இதுலயெல்லாம் நம்பிக்கை கிடையாது. கல்யாணப் பார்ட்டிக சொல்றாங்க. பொண்ணு அலங்கார ரூமுக்கு உன்னைய அனுப்ப வேண்டாங்கறாங்க."

"செத்தது என்ற புருசனுங்கண்ணா. கேமராவுக்கு என்னங்க ஆச்சு?"

கிட்டுசாமி உள்ளறைப் பக்கம் கையைக் காட்டினார். "உள்ள உக்காந்து மிக்சிங் பாரு கண்ணு. ஏசி ரூம்," என்றார்.

எடுத்ததை வெட்டி ஒட்டிப் பாட்டுச் சேர்ப்பதை இந்த ஊரில் மிக்சிங் என்பார்கள். ஜன்னல் இல்லாத அந்த அறையில் கலைமகள் எட்டு வருஷம் உட்கார்ந்தாள். எதை வைப்பது என்பதைவிட எதை எடுத்துவிடுவது என்பதுதான் மிக்சிங்கின் பாடம். முகூர்த்த நேரத்தில் மின்சாரம் போனால் அந்த இடம் போய்விடும். காற்றில் அணைந்த விளக்கு போய்விடும். மாப்பிள்ளையின் தும்மல் போய்விடும். பந்தியில் பெரியப்பா யாரிடமாவது, "அவன் போன மாசந்தான் போய்ச் சேர்ந்தான்," என்று சொல்லிக்கொண்டிருந்தால் அது முதலில் போகும். சீர் நடக்கும்போது தாலியில்லாத பெண் யாராவது ஓரத்தில் வந்து நின்றால், அந்த இடத்தில் ரோஜா மாலையின் படத்தை ஒட்டுவாள். வெட்டு தெரியாது. அந்தப் பெண் அங்கே நின்றதும் தெரியாது.

ஒருமுறை தவறிவிட்டது. தாலி கட்டும் நேரத்தில் மைக்கில் யாரோ இழவு விசாரித்தது நாதஸ்வரத்துக்கு நடுவில் லேசாகக் கேட்டது. சில மாதங்களில் அந்த வீட்டில் ஒரு சாவு விழுந்தது. ஆல்பத்தைக் கொண்டுவந்து கிட்டுசாமியின் மேசைமேல் போட்டுவிட்டு அந்தக் குடும்பம் நடுக்கடையில் நின்று பேசிய பேச்சைக் கலைமகள் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டாள். "உங்க மிக்சிங்ல யாரு உக்காந்திருக்கறாங்கன்னு எங்களுக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா?" என்றது ஒரு குரல். அதன்பிறகு அவள் கைக்கு இரண்டாவது யோசனை வந்ததில்லை. சாவு என்று காதில் பட்டால் விரல் வெட்டிவிடும்.

கொரோனா வந்தது, கல்யாணங்கள் நின்றன. அருள்புரம் தாண்டிப் பல்லடம் பக்கம் இருக்கும் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில், வகுப்புகளைப் பதிவு செய்து இணையத்தில் போட ஆள் தேடினார்கள். ஒப்பந்த வேலை. கிட்டுசாமியே சிபாரிசு செய்து அனுப்பினார்.

அங்கே யாரும் அவள் நெற்றியைப் பார்க்கவில்லை. அது முதல் ஆச்சரியம். காலி வகுப்பறையில் நின்று பேசத் தெரியாமல் பேராசிரியர்கள் திணறுவார்கள். கலைமகள் கேமராவுக்கு அடியில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, புரிந்ததுபோலத் தலையாட்டுவாள். "கலைமகள் தலையாட்டினாத்தான் எனக்கு அடுத்த பக்கமே புரளுது," என்று நூற்புப் பாடம் நடத்தும் ஒருவர் சொல்வார். கொரோனா போனபிறகும் பதிவு நிற்கவில்லை. பாடங்களோடு செய்முறைப் பட்டறைகளும் சேர்ந்தன. மாணவர், ஆசிரியர், பழைய மாணவர், அலுவலக ஊழியர் என்று பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யாரும் எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று அறிவித்தார்கள்.

முதல் செய்முறைப் பட்டறை தரணீதரனுடையது. பதிவாளர் மைதிலி நல்ல நாள் பார்த்துப் பூஜை வைக்கச் சொன்னார். மெஷினுக்கு மாலை போட்டு, சந்தனம் வைத்து, தேங்காய் உடைத்தார்கள். ஒரு மில் முதலாளி தன் பழைய மெஷினைப் பல்கலைக்கழகத்துக்குத் தானமாகக் கொடுத்திருந்தார். உள்ளே அழுத்தம் இருக்கும்போது திறக்க விடாமல் தடுக்கும் பூட்டு, புதிய மெஷின்களில் இருக்கும். இதில் கிடையாது. பெயின்ட் மட்டும் புதிது.

"ஆரம்பமே நல்லபடியா இருக்கணும் கலைமகள். சேர்மன் பார்ப்பார்," என்றார் மைதிலி.

தரணீதரன் நன்றாகத்தான் ஆரம்பித்தார். துணியை ஏற்றினார், சாயம் சேர்த்தார், சூடு ஏற்றினார், இறக்கினார். முள் பூஜ்யத்துக்கு வந்தது. அப்புறம் செத்துப்போன ஒரு ஆளைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். குரல் உடைந்தது. பேச்சு நின்றுவிட்டது. கேமராவுக்கு அடியில் இருந்த கலைமகள் தலையாட்டுவதை நிறுத்திவிட்டு அவருடைய கண்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதோ சீறுகிற சத்தம் கேட்டது; ஆனால் அவர் கை என்ன செய்துகொண்டிருந்தது என்று அவள் கவனிக்கவில்லை.

அன்று மாலையே மிக்சிங்குக்கு உட்கார்ந்தாள். மாலை போட்ட மெஷின், பூஜை போட்ட நாள், முதல் வீடியோ. அதில் இழவுப் பேச்சு. யோசிக்க எதுவும் இருக்கவில்லை. வெட்டினாள். ரோஜா மாலைக்குப் பதில் மீட்டரின் படத்தை வைத்தாள்.

"நறுக்குன்னு இருக்கு," என்றார் மைதிலி. சேர்மனும் பாராட்டியதாகச் சொன்னார்கள்.

வீடியோ நன்றாக ஓடியது. ஓடியதால் லேபில் தரணீதரனின் நேரத்தைக் குறைத்தார்கள். மாணவர்கள் முன்கூட்டியே வீடியோவைப் பார்த்துவிட்டு வந்து செய்தால் போதும். பக்கத்து லேபையும் சேர்த்து இரண்டுக்கும் ஒரே உதவியாளர். தரணீதரன் வேறு வகுப்புகளுக்குப் போனார். கடைசி வருஷம் படித்த குன்னத்தூர் வினிதா விபத்து நடந்த அன்று மூடியைத் திறந்தபோது உதவியாளர் அடுத்த லேபில் இருந்தார். முள் பூஜ்யத்தில் இருந்தது. உள்ளே அழுத்தம் அப்படியே இருந்தது. கொதிக்கும் ஆவி அவள் வலது கையையும் கழுத்தையும் வேகவைத்துவிட்டது.

விசாரணையின் முதல் அமர்வு முடிந்து எல்லோரும் வெளியே வந்தார்கள். தாழ்வாரத்தில் டீ வைத்திருந்தார்கள். தரணீதரனின் பக்கத்தில் யாரும் நிற்கவில்லை. அவர் கோப்பையோடு கலைமகளிடம் வந்தார்.

"ஏம்மா, அன்னைக்கு நீங்க எதிர்ல உக்காந்திருந்தீங்கள்ல?"

"ஆமாங்க சார்."

"சாமியப்பன்னு ஒருத்தரைப் பத்திப் பேசினனா நான்? வால்வைத் திறந்து காட்டினனா?"

கலைமகள் தட்டில் இருந்த பிஸ்கட்டைப் பார்த்தாள்.

"லேப் என் கையில இருந்த வரைக்கும் வருஷா வருஷம் எல்லா பேட்சுக்கும் சொல்லுவேன்," என்றார் அவர். "அதனாலதான் குழப்பம். வகுப்புல சொன்னது எது, கேமராவுக்குச் சொன்னது எதுன்னு பிரிக்க முடியல. சொல்லியிருந்தா அதுல இருக்கணுமே? மூணு தடவை போட்டாங்க. இல்லை. நீங்க கேட்டீங்களா?"

அவள் சொல்ல வேண்டிய இடம் அதுதான். ஒப்பந்தத்தை அடுத்த மாதம் புதுப்பிக்க வேண்டும். ஜன்னல் இல்லாத அறை ஞாபகம் வந்தது. நடுக்கடையில் கேட்ட அந்தக் குரல் ஞாபகம் வந்தது.

"ஞாபகம் இல்லீங்க சார்," என்றாள்.

தரணீதரன் கோபப்படவில்லை. தலையை மட்டும் ஆட்டினார். புரியாத பாடத்துக்கு அவள் ஆட்டியதுபோலவே ஆட்டினார். "அப்ப சொல்லாமத்தான் விட்டிருப்பேன்," என்றார். "கேமராவைப் பார்த்த பதட்டத்துல விட்டிருப்பேன். பாவம் அந்தப் பொண்ணு."

குடிக்காத டீயை வைத்துவிட்டு மாடிப்படிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

மறுநாளே அவர் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டார் என்று அலுவலகத்தில் பேசிக்கொண்டார்கள். தப்பு என்னுடையதுதான் என்று ஒரே வரியாம். நல்ல மனுஷன், கேஸாக்காமல் ஒதுங்கிக்கொண்டார் என்று சிலர் பாராட்டவும் செய்தார்கள்.

அன்று இரவு கலைமகள் வீட்டில் பீரோவைத் திறந்து ஹார்ட் டிஸ்க்கை எடுத்தாள். ஸ்டூடியோவில் ஒரு வழக்கம் உண்டு. பார்ட்டி வந்து ஆல்பத்தையும் வீடியோவையும் கையில் வாங்கிக்கொண்டு போகும்வரை, எடுத்த ஒரிஜினலை அழிக்கமாட்டார்கள். சில பார்ட்டிகள் பிள்ளை பிறந்தபிறகுதான் வருவார்கள். பல்கலைக்கழகத்தில் யாரும் எதையும் வாங்க வந்ததில்லை. ஆகவே எல்லாம் இருந்தது. வெட்டிய பகுதியைத் தேடியெடுத்து முதல்முறையாக அவர் கையைப் பார்த்தாள்.

காலையில் நேரே மைதிலியின் அறைக்குப் போனாள். ஹார்ட் டிஸ்க்கில் இருந்ததைப் பார்த்து முடித்த மைதிலி நிமிர்ந்தார்.

"இதையெல்லாம் ஏன் வெச்சிருக்கீங்க? அழிக்கச் சொல்லித்தானே இருக்கோம்?"

"ஸ்டூடியோ பழக்கம் மேடம். பார்ட்டி வந்து வாங்கற வரைக்கும் அழிக்க மாட்டோமுங்க."

"இங்க யாரு பார்ட்டி?"

கலைமகள் கதவருகிலேயே நின்றாள்.

"உக்காருங்க," என்றார் மைதிலி. குரலில் கடுமை இல்லை. "தரணீதரன் சாரே ஒத்துக்கிட்டாச்சு. இன்னும் ஒரு அமர்வு, கையெழுத்தோட முடிஞ்சிரும். இதை எடுத்துட்டுப் போனா மெஷினைக் கேப்பாங்க. பூட்டு ஏன் இல்லைன்னு கேப்பாங்க. லேப்ல வாத்தியார் ஏன் இல்லைன்னு கேப்பாங்க. எல்லாத்தையும் கேட்டுட்டுக் கடைசியா, வெட்டினது யாருன்னு கேப்பாங்க. நான் கையைக் காட்ட வேண்டியிருக்கும். உங்களுக்காகத்தான் சொல்றேன் கலைமகள். அழிச்சிருங்க."

"வெட்டச் சொல்லி யாரும் சொல்லலீங்க மேடம். ஆனா நறுக்குன்னு இருக்குதுன்னு சொன்னீங்க."

"நான் முழுசாப் பார்க்கல," என்றார் மைதிலி. "யாருதான் முழுசாப் பார்க்கறாங்க?"

பஸ் நிறுத்தத்துக்கு வந்து நின்றபோது திருப்பூர் பஸ் வந்தது. ஏறினாள். பழைய பஸ் நிலையத்தில் இறங்கி வீட்டுக்குப் போகாமல் குன்னத்தூர் பஸ்ஸைத் தேடினாள். பார்ட்டி யார் என்று பஸ்ஸில்தான் அவளுக்குப் பிடிபட்டது.

வினிதாவின் வீடு தோட்டத்துக்குள் இருந்தது. கொட்டகையில் பாதியை மறித்து, நாலைந்து தையல் மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. வினிதாவின் அம்மா தெய்வாத்தாள் கையில் பனியன் கட்டோடு வந்தார்.

"காலேஜ்ல இருந்துங்களா? வாங்க கண்ணு, உள்ள வாங்க." சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். "காப்பி வெக்கறேன். அப்பறம் பேசுவீங்க. ஆளுக வாறாங்க, போறாங்க, கையெழுத்து வாங்கறாங்க. நீங்க எதுக்குங்க?"

"வினிதாவைப் பார்க்கணுமுங்க. ஒண்ணு காட்டணும்."

வினிதா கட்டிலில் சாய்ந்திருந்தாள். கழுத்தில் தோல் சிவந்து இறுகி, தலையை ஒரு பக்கம் இழுத்திருந்தது. வலது கையில் கட்டு. கலைமகள் தான் யார் என்று சொன்னாள்.

"வீடியோ எடுத்த அக்காவா நீங்க?" என்று நிமிரப் பார்த்தாள் வினிதா. "அக்கா, ஒண்ணு கேக்கட்டுங்களா? சார் அதுல வால்வைப் பத்திச் சொல்லியிருக்காரா? பஸ்ல போறப்பத்தான் பார்த்தேன். வேகமா ஓட விட்டு. எங்கியோ சொல்லியிருப்பாரு, நாந்தான் கவனிக்காம விட்டுட்டேன்னு நெனச்சேன். ஆஸ்பத்திரில திரும்பத் திரும்பப் பார்த்தேங்க்கா. இல்லை. இல்லாட்டியும் எனக்கு என்ற மேலதான் சந்தேகமா இருக்குது."

"அதைக் காட்டத்தான் வந்தேன் கண்ணு."

மடிக்கணினியைக் கட்டிலின் மேல் வைத்தாள். தெய்வாத்தாள் காப்பி டம்ளரைக் கலைமகளின் பக்கத்தில் வைத்துவிட்டு மகளின் தலைமாட்டில் நின்றார்.

திரையில் தரணீதரன் முள்ளைக் காட்டினார். "முள் பூஜ்யத்துக்கு வந்துருச்சு."

மீட்டரின் படம் வரவில்லை. அவர் முகமே இருந்தது.

"ஆனா இப்பத் திறந்துறாதீங்க. இந்த முள்ளு பொய் சொல்லும். மீட்டருக்கு வர்ற குழாய்ல பஞ்சும் சாயமும் அடைச்சுதுன்னா, உள்ள என்ன இருந்தாலும் இது பூஜ்யத்துலயே நிக்கும். நான் ஒரு சாயப்பட்டறையில ஷிப்ட் பார்த்தப்போ, சாமியப்பன்னு ஒருத்தர் இருந்தார். என்னை விட மூத்தவர். திறக்கட்டுங்களான்னு கேட்டார். நான் முள்ளைப் பார்த்தேன். திறங்கன்னேன்."

நிறுத்தினார். தொண்டையைச் செருமினார்.

"ஆஸ்பத்திரில போய்ப் பார்த்தப்ப, முள்ளு பூஜ்யந்தானுங்களே காட்டுச்சு, நீங்க என்ன பண்ணுவீங்கன்னார். என்னையத் தேத்தறாரு. அன்னைக்கே போயிட்டார்."

அதற்கு மேல் அவரால் பேச முடியவில்லை. கோட்டுக் கையால் முகத்தைத் துடைத்தார். இன்னொரு கை மேலே போய் வால்வைப் பிடித்தது. திருகினார். ஆவி சீறிக்கொண்டு கிளம்பியது. அவர் நகரவில்லை. பக்கத்திலேயே நின்று ஆவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். சீறல் முனகலாகி, முனகல் நின்றது. அப்போதும் நின்றார்.

"இது நிக்கற வரைக்கும் நில்லுங்க," என்றார். "பஸ் போனாப் போகட்டும். அடுத்த பஸ்ஸுல போலாம்." கண்ணைத் துடைத்துக்கொண்டு லேசாகச் சிரித்தார். "இப்ப மூடியைத் திறக்கலாம்."

வீடியோ முடிந்தது.

"மறுக்கா போடுங்க," என்றாள் வினிதா. கலைமகள் போட்டாள். இரண்டாம் முறை பார்க்கும்போது வினிதாவின் கண்கள் அவர் கையை விட்டு அகலவில்லை.

"இது ஏன் அதுல இல்லை?" என்று கேட்டார் தெய்வாத்தாள்.

"நான் வெட்டிப்போட்டேனுங்க."

"ஏன்?"

"இழவுப் பேச்சுன்னுங்க. பூஜை போட்ட அன்னைக்கு எடுத்தது. கல்யாண வீடியோவுல நாங்க அப்படித்தானுங்க…"

தெய்வாத்தாள் அவளையே பார்த்தார். பொட்டில்லாத நெற்றியை, வெறுங்கழுத்தைப் பார்த்தார். அந்தப் பார்வை கலைமகளுக்குப் பழக்கமானது. ஆனால் தெய்வாத்தாள் வேறொன்றைத்தான் கேட்டார்.

"இது கல்யாண வீடியோவா கண்ணு?"

வினிதா இடது கையால் போனை எடுத்து எண்ணைத் தேடினாள். ஸ்பீக்கரில் போட்டாள். நீண்ட நேரம் அடித்தபின் எடுத்தார்கள்.

"சார், வினிதா பேசறேனுங்க."

"சொல்லும்மா," என்றார் தரணீதரன். "எப்படி இருக்க? நான் வந்து பார்க்கணும்னு… வரத் தைரியம் இல்லம்மா."

"சார், நீங்க சொல்லியிருக்கீங்க. சாமியப்பன் பத்தி. இப்பத்தான் பார்த்தேன். வெட்டியிருக்காங்க சார்."

தரணீதரன் மெல்லக் கேட்டார்.

"வால்வைத் திறந்தனா?"

"திறந்தீங்க சார். ஆவி நிக்கற வரைக்கும் நின்னீங்க."

"பஸ் போனாப் போகட்டும்னு சொன்னனா?"

"சொன்னீங்க சார்."

அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. வைக்கவும் இல்லை. அந்தப் பக்கம் அவர் அழுகிறாரா, சும்மா உட்கார்ந்திருக்கிறாரா என்று தெரியவில்லை. வினிதா போனைக் காதருகே வைத்துக்கொண்டு காத்திருந்தாள். கலைமகள் எழுந்தாள். வினிதாவின் போனில் ஏற்றுவதற்கென்று கொண்டுவந்திருந்த பென் டிரைவைக் கட்டிலில் வைத்தாள். காப்பியில் ஆடை படிந்திருந்தது. குடிக்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை.

தோட்டத்துக் கேட் வரைக்கும் தெய்வாத்தாள் பின்னாலேயே வந்தார்.

"உன்ற பேரென்ன?"

"கலைமகளுங்க."

"இதை எங்க கேட்டாலும் சொல்லுவியா? அந்த வாத்தியார் முன்னாடி, அந்த ஆபீசருங்க முன்னாடி?"

"சொல்றனுங்க."

"சொல்லு." தெய்வாத்தாள் கேட்டை இழுத்துச் சாத்தினார். "அதுக்கப்பறம் இந்தப் பக்கம் வராத சாமி. உன்னையப் பார்த்தா எனக்கு அவ கழுத்துத்தான் தெரியும்."

கடைசி அமர்வுக்கு எல்லோரும் பேனாவோடு வந்திருந்தார்கள். தரணீதரனின் நாற்காலி காலியாக இருந்தது. வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாராம். ராஜினாமாவைத் திரும்ப வாங்கிக்கொள்ளச் சொன்ன சக ஆசிரியரிடம், அந்த லேபுக்குள் இனிமேல் நுழைய முடியாது என்றாராம். கலைமகள் எழுந்து நின்று, யாரும் கேட்காமலேயே சொன்னாள். எதை வெட்டினாள், ஏன் வெட்டினாள், எதை வைத்து மூடினாள். டீ குடிக்கும்போது அவர் கேட்டதையும், தனக்கு ஞாபகம் இல்லை என்று சொன்னதையும் சொன்னாள். மைதிலி தன் முன்னால் இருந்த தாள்களைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

"சரி, போடுங்க பார்ப்போம்," என்றார் தலைவர்.

அதுதான் அந்தப் பல்கலைக்கழகத்தில் அவள் பார்த்த கடைசி வேலை. சுவரில் தரணீதரன் வந்தார். முள்ளைக் காட்டினார். சாமியப்பனைப் பற்றிச் சொன்னார். பேச்சு நின்றது. கை மேலே போனது. ஆவி சீறியது. அறையில் யாரும் அசையவில்லை. ஆவி ஓயவில்லை. தரணீதரன் அப்படியே நின்றுகொண்டிருந்தார். ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தார். தலைவர் நாற்காலியில் நெளிந்தார்.

"புரிஞ்சுதும்மா. கொஞ்சம் தள்ளி விடுங்க."

கலைமகள் மடிக்கணினியில் இருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"இல்லீங்க சார். இது ஓடட்டும்."